ஸ்வான்சீயிலிருந்து ஜிந்த் வரை

வில்லியம் ராபர்ட் குரோவ் வழக்கறிஞர். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்துக்காரர். உடல்நிலை சரியில்லாமல் நீதிமன்றத் தொழிலை ஒதுக்கி வைத்திருந்த நாட்களில் மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். 1839-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அவர் கைவழியே இரண்டு கலங்கள் பிறந்தன. ஒன்று துத்தநாகம், பிளாட்டினம், நைட்ரிக் அமிலம் சேர்ந்தது. நச்சுப் புகை கக்கும். ஆனால் மின்னோட்டம் பலமாக வரும். அமெரிக்காவில் தந்தி பரவத் தொடங்கியபோது நிலையங்கள் பலவும் அதைத்தான் வாங்கி வைத்தன. மற்றொன்று வாயுவில் ஓடுவது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொடுத்தால் மின்சாரமும் தண்ணீரும் தரும். புகை இல்லை, சத்தம் இல்லை. அதை யாரும் வாங்கவில்லை.

அண்ணன் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்க, தம்பி வீட்டோடு கிடந்த கதைதான். அந்தத் தம்பிதான் இன்று ஃப்யூவல் செல் என்று பேசப்படும் எரிபொருள் கலம். அதன் நூற்றெண்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அது ரோட்டில் கால் வைக்கும்போதெல்லாம் அங்கே ஏதோ ஒரு பேட்டரியோ, அதைவிட மலிவான வேறொன்றோ முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. வேறு எதுவும் போக முடியாத இடங்களுக்குத்தான் இதைக் கூப்பிட்டார்கள்.

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்பது 1800-லேயே தெரிந்த சங்கதி. அந்த இரண்டையும் மறுபடி சேர்த்தால் கொடுத்த மின்சாரம் திரும்பி வருமா? குரோவ் இரண்டு பிளாட்டினப் பட்டைகளை எடுத்தார். ஒன்றின் முனையை ஹைட்ரஜன் அடைத்த குழாயிலும் மற்றதன் முனையை ஆக்சிஜன் அடைத்த குழாயிலும் நிறுத்தினார். அடிமுனைகள் நீர்த்த கந்தக அமிலத்தில் முங்கியிருந்தன. இரண்டையும் கம்பியால் இணைத்ததும் மின்னோட்டமானியின் முள் அசைந்தது. குழாய்களுக்குள் நீர்மட்டம் மெல்ல ஏறியது. ஹைட்ரஜன் குழாயில் இரட்டிப்பு வேகத்தில். தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்பதற்கு அதைவிட அழகான சாட்சி வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே நாட்களில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைனும் இதே விளைவைக் கண்டு, குரோவ் எழுதிய அதே ஆய்விதழில் எழுதினார். யார் முதலில் என்ற சண்டைக்குப் போகாமல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டு நண்பர்களாகவே இருந்தார்கள்.

1842-ல் குரோவ் ஒரு படம் வெளியிட்டார். வரிசையாக நான்கு வாயுக் கலங்கள். அவை தரும் மின்சாரம் ஐந்தாவதாக ஒரு சிறு பாத்திரத்துக்குப் போய் அங்கே தண்ணீரைப் பிரிக்கிறது. நான்கு கலங்களில் வாயு சேர்ந்து நீராகிறது. ஐந்தாவதில் நீர் பிரிந்து வாயுவாகிறது. சோலார் போன்ற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் பற்றி இன்று நடக்கும் வாதம் அத்தனையும் இந்தப் படத்துக்குள் அடங்கிவிடும். போகும்போதும் வரும்போதும் எவ்வளவு சிந்துகிறது என்பதுதான் கேள்வி.

குரோவுக்கு முட்டுக்கட்டை எது என்றும் தெரிந்திருந்தது. வாயு, அமிலம், பிளாட்டினம் மூன்றும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டால்தான் வேலை நடக்கும். பட்டையின் மேல் அப்படிப்பட்ட இடம் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டுமே. அந்தக் கோட்டை எப்படிப் பரப்பாக விரிப்பது? பின்னால் வந்த ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான். குரோவ் திரும்ப வக்கீல் தொழிலுக்குப் போனார், நீதிபதியானார்.

1889-ல் லுட்விக் மாண்டும் சார்லஸ் லாங்கரும் நுண்துளைகள் உள்ள பலகையில் அமிலத்தை ஊறவைத்து அந்தப் பரப்பை ஓரளவு விரித்தார்கள். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை அதில் விட்டபோது, வாயுவோடு வந்த கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தைக் கெடுத்தது. பிளாட்டினத்தின் விலையும் அவர்களை மிரட்டியது. அதற்குள் டைனமோ வந்துவிட்டது. நிலக்கரியை எரித்து நீராவியால் டைனமோவைச் சுற்றினால் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது, பிளாட்டினத்தோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? ரசாயன மேதை ஆஸ்ட்வால்ட் மட்டும் 1894-ல், எதிர்காலம் புகைபோக்கி இல்லாத மின்வேதியியலுக்கே என்று பேசினார். பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது; புகைபோக்கிகள்தான் உயர்ந்துகொண்டே போயின.

இந்தக் கலத்தை மறுபடி எழுப்பியவர் ஃபிரான்சிஸ் தாமஸ் பேகன். வசதியான குடும்பம், கேம்பிரிட்ஜில் பொறியியல் படிப்பு, நியூகாசலில் டர்பைன் நிறுவனத்தில் வேலை. 1932-ல் ஒரு பொறியியல் இதழில் படித்த கட்டுரைகள் அவரை இதில் இழுத்துவிட்டன. அலுவலக இடத்திலேயே யாருக்கும் தெரியாமல் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். வெடிக்கும் வாயுக்களை வேலை இடத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் விளையாடுவதை எந்த நிர்வாகம்தான் பொறுக்கும்? ஒன்று இதை நிறுத்து, இல்லை வேலையை விடு என்றார்கள். பேகன் வேலையை விட்டார்.

அவர் செய்த முக்கியமான மாற்றம், அமிலத்தைத் தள்ளிவிட்டுக் காரத்துக்குப் போனது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பிளாட்டினம் தேவையில்லை, நிக்கல் போதும். பதிலுக்கு 200 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல முப்பது, நாற்பது மடங்கு அழுத்தமும் கொடுக்க வேண்டும். நிக்கல் தகட்டில் ஒரு பக்கம் பெரிய துளைகள், மறுபக்கம் நுண்ணிய துளைகள். கரைசல் நுண்துளைகளில் தங்கிவிடும். வாயு பெரிய துளைகள் வழியே வந்து அதைத் தொடும். குரோவின் மெல்லிய கோடு அங்கே நிஜமாகவே பரப்பானது. இரண்டாம் உலகப் போரின்போது இதை நீர்மூழ்கிக் கப்பலில் வைக்கலாமா என்று பார்த்தார்கள். நடக்கவில்லை. 1959-ல் கேம்பிரிட்ஜில் அவருடைய கல அடுக்கு ஐந்தாறு கிலோவாட் மின்சாரம் தந்து, ஒரு வெல்டிங் கருவியையும் வட்ட ரம்பத்தையும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியையும் ஓட்டிக் காட்டியது. ஆரம்பித்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1,008 கலங்களைப் பூட்டிய டிராக்டரை வயலில் இறக்கியது. 20 குதிரைசக்தி. உழுதது, படம் பிடித்தார்கள், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. டீசல் டிராக்டரை விற்றுவிட்டு அதை வாங்கிய விவசாயி ஒருவர்கூட இல்லை.

கலத்தை வாங்க வந்தது பூமியில் உள்ளவர்கள் இல்லை. விண்வெளிக்கு ஆள் அனுப்ப வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வேண்டும் என்றபோது, பேட்டரி கட்டினால் எடையில் ராக்கெட் எழும்பாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் தாமஸ் கிரப் 1955-ல் திரவத்தையே ஒழித்துவிட்டு, புரோட்டானை மட்டும் கடத்தும் பிளாஸ்டிக் சவ்வை நடுவில் வைத்தார். லியனார்ட் நீட்ராக் அந்தச் சவ்வின் மேலேயே பிளாட்டினத்தைப் படிய வைக்க வழி கண்டார். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் அது முதன்முதலாக ஏறியது. ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஆக்சிஜன் தொட்டியின் சூடேற்றி பழுதாகி அழுத்தம் சரசரவென்று இறங்கியது. உள்ளே இருந்த வீரர்கள் கூப்பரையும் கான்ராடையும் உடனே திரும்பக் கூப்பிடலாமா என்று தரையில் யோசித்தார்கள். குறைந்த அழுத்தத்திலும் கலம் தாக்குப்பிடித்தது; எட்டு நாள் பயணம் முடிந்தது.

சந்திரனுக்குப் போனது பேகனின் வம்சம். பிராட் அண்ட் விட்னி அவருடைய உரிமத்தை வாங்கி, அழுத்தத்தைக் குறைத்து, அப்போலோவின் பின்பகுதியில் மூன்று கலத் தொகுதிகளை வைத்தது. மின்சாரத்தோடு உண்டான தண்ணீரைத்தான் விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். ஹைட்ரஜன் குமிழ்கள் கலந்த தண்ணீர். வயிறு உப்புசம் என்று புகார் வந்தது. 1970-ல் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது கலங்கள் பட்டினி கிடந்து நின்றன. கலத்தில் கோளாறில்லை, சாப்பாடு வரவில்லை. இந்த வேறுபாட்டைப் பின்னால் கலிஃபோர்னியாவிலும் பார்க்கப் போகிறோம்.

விண்வெளியில் ஓடுகிறதே, ரோட்டில் ஓடாதா? 1966-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆறு பேர் உட்காரும் ஒரு வேனை எடுத்தது. அதில் திரவ ஹைட்ரஜனுக்கு ஒரு தொட்டி, திரவ ஆக்சிஜனுக்கு ஒரு தொட்டி, யூனியன் கார்பைடின் 32 கலத் தொகுதிகள், அவற்றுக்கு நடுவே ஓடிய 550 அடி நீளக் குழாய். எல்லாவற்றையும் திணித்து முடித்தபோது இடம் மிஞ்சியது இரண்டு பேருக்கு. எடை 3 டன்னைத் தாண்டியது. எலக்ட்ரோவேன் என்று பெயர். சுமார் 190 கிலோமீட்டர் போகும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் ஆகும். ஒருமுறை தொட்டி ஒன்று வெடித்துத் துண்டுகள் வெகுதூரம் பறந்தன. நிறுவன வளாகத்தை விட்டு வெளியே விடவில்லை. ஆனாலும் ஹைட்ரஜன் கலத்தில் ஓடிய முதல் வேன் என்ற பெயர் அதற்கே. உட்புறத்தின் பழைய புகைப்படத்தைப் பார்த்தால், இது வண்டியா, வண்டி வடிவத்தில் ஒரு ஃபாக்டரியா என்று தோன்றும்.

யூனியன் கார்பைடின் கலங்களுக்குப் பின்னால் இருந்தவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த கார்ல் கோர்டெஷ். எலக்ட்ரோவேனின் கதி அவருக்கு ஒப்பவில்லை. தன் சொந்த ஆஸ்டின் ஏ40 காரில் கலங்களைப் பூட்டி, ஹைட்ரஜன் சிலிண்டர்களைக் கூரைமேல் கட்டி, துணைக்கு ஈய-அமில பேட்டரியும் வைத்து, 1970 முதல் மூன்றாண்டுகள் ஓஹையோவின் பொதுச் சாலைகளில் ஓட்டினார். கலம் சீராக ஓட்டும், மேடு வந்தால் பேட்டரி கை கொடுக்கும். இன்றைய ஹைட்ரஜன் பஸ் எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது கோர்டெஷின் ஏற்பாடுதான். இதில் ஒரு வேடிக்கை. சுவர்க்கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் போடுகிறோமே அல்கலைன் பேட்டரி, அதன் காப்புரிமையில் இருக்கும் மூன்று பெயர்களில் ஒன்று கோர்டெஷுடையது. குரோவைப் போலவே அவர் கையிலிருந்தும் இரண்டு பிறந்தன. உலகம் முழுக்கக் கடைக்குப் போனது பேட்டரி.

கனடாவில் இது தலைகீழாக நடந்தது. 1979-ல் ஜெஃப்ரி பாலார்ட் வான்கூவர் பக்கம் நிறுவனம் தொடங்கியது லித்தியம் பேட்டரி செய்யத்தான். 1983-ல் கனடா பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தம் கிடைத்ததும், அமெரிக்கா கைவிட்டிருந்த சவ்வுக் கலத்தின் பக்கம் திரும்பினார். பத்தாண்டில், 1993-ல், ஒரு பஸ்ஸை ஓட்டிக் காட்டினார். அதற்குள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயன் ரேஸ்ட்ரிக் ஒரு சின்ன வேலை செய்திருந்தார். பிளாட்டினத்தைத் தனியாகத் தூவாமல், கரித்தூளில் படிந்த பிளாட்டினத்தோடு சவ்வின் பொருளையே கரைத்துப் பூசினார். மூன்றும் தொடும் புள்ளிகள் அந்தப் பூச்சின் தடிமன் முழுக்க உண்டாயின. சதுர செண்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் வேண்டியிருந்த பிளாட்டினம் 0.4-க்கு இறங்கியது. இந்தப் பூச்சு இல்லாமல் எந்தக் கார் நிறுவனமும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போதைய கல அடுக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய சவ்வு. அதன் இருபுறமும் அந்தக் கறுப்புப் பூச்சு. அதன்மேல் கார்பன் இழைத் தாள். வெளிப்பக்கம் வாய்க்கால் வெட்டிய தகடு. ஒரு பக்க வாய்க்காலில் ஹைட்ரஜன் ஓடும், மறுபக்கத்தில் சாதாரணக் காற்று. பிளாட்டினத்தில் பட்டதும் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை விடும். புரோட்டான் சவ்வுக்குள் புகுந்து அக்கரை போகும். சவ்வில் எலெக்ட்ரானுக்கு வழி இல்லை. அது கம்பி வழியாகச் சுற்றித்தான் போயாக வேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் மோட்டார் இருக்கிறது. அக்கரையில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர். கேட்க எளிது. ஆனால் சவ்வு காய்ந்தால் புரோட்டான் நகராது. தண்ணீர் அதிகம் தேங்கினால் வாய்க்கால் அடைத்து காற்று உள்ளே வராது. இந்த ஈரப்பதத்தைச் சமாளிப்பதுதான் கலத்தோடு வேலை செய்பவர்களின் அன்றாடத் தலைவலி. ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. அதனால்தான் நூற்றுக்கணக்கில் அடுக்கி இறுக்கிக் கட்டுகிறார்கள்.

டொயோட்டா அப்படி 370 கலங்களை அடுக்கி 2014 டிசம்பரில் மிராய் காரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. 114 கிலோவாட் கலம். காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தம் தாங்கும் கார்பன் இழைத் தொட்டிகள். ஹைட்ரஜன் ஒரு கிலோ, சாதாரண அழுத்தத்தில் 11 கன மீட்டர் இடத்தை அடைக்கும் ஆசாமி. அப்படிப்பட்ட ஐந்து கிலோவைப் பின்சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் அடக்க இவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது. மறு மாதமே, 2015 ஜனவரியில், கலம் சம்பந்தமான 5,680 காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று டொயோட்டா திறந்துவிட்டது. தாராள மனசு என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. தெருவில் தான் ஒருவன் மட்டும் கடை போட்டால் கூட்டம் வராது என்று டொயோட்டாவுக்குத் தெரியும்.

ஓட்டியவர்கள் காரைக் குறை சொல்லவில்லை. பங்க்கைத்தான் சொன்னார்கள். 700 மடங்கு அழுத்தத்தில் ஏற்றும்போது வாயு சூடாகும் என்பதால், அதை முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். ஈரக்காற்று அடிக்கிற நாளில் குழல்முனையில் பனி கட்டி, அது காரோடு ஒட்டிக்கொள்ளும். இளகி விடுபடும் வரை காரும் நகராது, பின்னால் நிற்கிற வரிசையும் நகராது. வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் கெட்டுப்போனால் ஒரு வாரம் பங்க் மூடியிருக்கும். 2019 ஜூனில் நார்வேயின் சான்விகாவில் ஒரு நிலையம் வெடித்தது. உயரழுத்தத் தொட்டியின் அடைப்பில் மறைகளைச் சரியாக இறுக்காததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஹைட்ரஜன் விலை 2023-ல் கிலோவுக்கு 36 டாலர் வரை போனது. 2024 தொடக்கத்தில் ஷெல் நிறுவனம் அங்கே தன் கார் பங்க்குகளை மூடிவிட்டு நடையைக் கட்டியது. அப்போலோ 13-ன் கதைதான்: கலம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு வரவில்லை.

இந்தப் பக்கம் 1991-ல் சோனியின் கேமராவுக்காகக் கடைக்கு வந்த லித்தியம் அயனி பேட்டரி, லேப்டாப்பில் வளர்ந்து, செல்போனில் பெருகி, கோடிக்கணக்கில் உற்பத்தியாகி, 2010-க்குப் பிறகு விலை பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. சார்ஜ் செய்ய வீட்டுப் பிளக் போதும். 2019-ல் அதன் மூன்று மூலவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஹைட்ரஜன் வண்டியா, மின்சார வண்டியா என்று பட்டிமன்றம் வைக்கிறார்கள். கலம் வைத்த வண்டியும் மின்சார வண்டிதான். அதே மோட்டார், அதே கட்டுப்பாட்டுப் பெட்டி, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்க ஒரு பேட்டரி. மின்சாரத்தை எப்படிக் கட்டிச் சுமப்பது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் குரோவின் ஐந்து பாத்திரப் படம் ஞாபகத்துக்கு வரும். சோலார் பேனலில் 100 யூனிட் கிடைத்தது என்று வையுங்கள். அதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனில் தங்குவது சுமார் 65 யூனிட். அமுக்கி, குளிர்வித்து, கொண்டுபோக இன்னும் கொஞ்சம் கழியும். கலத்தில் பாதி வெப்பமாகப் போகும். சக்கரத்துக்கு வருவது 30 யூனிட்டைத் தாண்டாது. அதே 100 யூனிட்டை நேராகப் பேட்டரியில் ஏற்றினால் 70-க்கு மேல் சக்கரத்துக்கு வரும். ஊருக்குள் ஓடும் காருக்கும் ஸ்கூட்டருக்கும் இந்தக் கணக்கைத் தாண்டுவது கடினம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சிந்துவது இயற்கையின் விதி. இரண்டு மடங்குக்கு மேல் பேனல் போட இடமும் பணமும் இருக்கிறவர்கள் வேண்டுமானால் வாதாடிக்கொள்ளட்டும்.

அதுவும் ஹைட்ரஜன் சோலாரிலிருந்து வந்தால்தான். உலகம் ஆண்டுக்கு ஒன்பதரைக் கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் தயாரிக்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பது. எரிவாயுவிலிருந்து எடுத்தால் ஒரு கிலோவுக்கு ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உரத்துக்கான அம்மோனியா, சுத்திகரிப்பு ஆலையில் டீசலிலிருந்து கந்தகம் பிரிப்பது என்று அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் கையில் கிடைத்தால் அதை முதலில் அனுப்ப வேண்டிய இடம் உர ஆலைதான் என்பேன், காரின் பின்சீட்டு இல்லை.

எடை பெரிதாகி, தூரம் நீண்டு, நின்று சார்ஜ் ஏற்ற நேரமில்லாமல் போகும்போது கணக்கு மாறுகிறது. கப்பல், நெடுந்தூர லாரி, கம்பி போடாத ரயில் பாதை. ஜெர்மனியில் ஆல்ஸ்டோம் நிறுவனம் 2018 செப்டம்பரில் பயணிகளுக்காக ஹைட்ரஜன் ரயிலை விட்டது. 2022-ல் லோயர் சாக்சனி மாநிலத்தில் 14 ரயில்கள் கொண்ட பாதையே ஹைட்ரஜனுக்கு மாறியது. உலகமே வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. மறு ஆண்டு அதே மாநிலப் போக்குவரத்து நிறுவனம், இனி டீசலுக்குப் பதிலாக வாங்கப்போவது பேட்டரி ரயில்களைத்தான், ஓட்டச் செலவு குறைவு என்று அறிவித்தது. ரயில் தண்டவாளத்திலும் பேட்டரி வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கலம் தமிழ்நாட்டுக்கு வந்து நாளாகிறது. மின்வேதியியலுக்கு ஒரு மத்திய ஆய்வகம் வேண்டும் என்றபோது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்த சிக்ரி, எரிபொருள் கல ஆராய்ச்சியில் நாட்டின் முக்கிய இடங்களில் ஒன்று. சென்னையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் தாத்தாத்ரேயன் தலைமையில் சவ்வுக் கலங்கள் செய்து பார்த்தார்கள். பின்னர் அந்த அனுபவம் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் சிக்ரியும் சேர்ந்து உருவாக்கிய கல அடுக்கை கேபிஐடி நிறுவனம் 2020-ல் காரில் வைத்து ஓட்டிப் பார்த்தது. லடாக்கின் லே நகரில், 11,500 அடி உயரத்தில் அரசு மின் நிறுவனமான என்டிபிசி விட்ட பஸ்கள் அசோக் லேலண்டுடையவை. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 50 பேர் உட்காரும் கலப் படகு ஒன்றைக் கட்டினார்கள். காசியில் கங்கையில் ஓட்டுவதற்காக. அதைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் தொடங்கிவைத்த மேடை தூத்துக்குடியில் இருந்தது.

அதே தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறு பசுமை ஹைட்ரஜன் ஆலையைத் திறந்தார்கள். மணிக்கு 10 கன மீட்டர். எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கும் மின்வாகன சார்ஜிங் நிலையமும் அதில் ஓடும் என்றார்கள். மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுத்து, ஹைட்ரஜனால் மின்சாரம் எடுத்து, அதைப் பேட்டரி வண்டிக்கு ஏற்றுவது! குரோவ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பயிற்சிக்காகச் செய்கிறார்கள், கப்பல்களுக்கு எரிபொருள் ஏற்றும் காலம் வரும்போது கை பழகியிருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டால் நியாயம் உண்டு.

சென்னை பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்-க்கு வருவோம். அங்கே உருவான ஹைட்ரஜன் ரயிலின் மின்பெட்டி 2025 ஜூலையில் சோதனையில் தேறியது. டீசலில் ஓடிய ரயில் தொடரை மாற்றி அமைப்பதாகத் தொடங்கிய திட்டம். முன்னும் பின்னும் 1,200 கிலோவாட் திறனுள்ள இரு மின்பெட்டிகள், நடுவே எட்டுப் பயணிகள் பெட்டிகள். இந்திய ரயில்களுக்கான கலங்களுக்குத் தனக்கு ஆர்டர் வந்திருப்பதாக 2021-லேயே அறிவித்தது, வான்கூவர் பக்கம் பேட்டரி செய்யத் தொடங்கிய அதே பாலார்ட் நிறுவனம். ஓட வேண்டிய பாதை ஹரியானாவில் ஜிந்த் முதல் சோனிபட் வரை, 89 கிலோமீட்டர். ஜிந்தில் ஒரு மெகாவாட் மின்னாற்பகுப்பு ஆலை, நாளுக்கு சுமார் 430 கிலோ ஹைட்ரஜன், 3,000 கிலோ சேமிப்பு.

ஐசிஎஃப் தொழிலாளர்களின் கைவேலையைப் பற்றிக் கேள்வியே இல்லை. பாதையைப் பற்றித்தான் கேள்வி. ஹரியானாவின் அகலப் பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டதாக ரயில்வேயே அறிவித்திருக்கிறது. ஒரு மெகாவாட் ஆலை நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட் இழுக்கும். 430 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 56 யூனிட். அந்த ஒரு கிலோவைக் கலத்தில் விட்டால் திரும்பக் கிடைப்பது 17, 18 யூனிட். தலைக்கு மேல் கம்பி இருக்கும் இடத்தில் இந்தச் சுற்றுவழி எதற்கு என்று எவரும் கேட்கலாம். பழகிப் பார்க்க ஒரு பாதை, பிறகு கம்பி போட முடியாத மலைப் பாதைகள் என்பது ரயில்வேயின் பதில். பாரம்பரிய, மலைப் பாதைகளுக்கு 35 ரயில்கள், ஒன்று 80 கோடி ரூபாய், பாதைக்குப் பாதை தரைக் கட்டமைப்புக்கு 70 கோடி என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஹைட்ரஜன் ரயிலின் ஓட்டச் செலவு இன்னும் இந்தியச் சூழலில் உறுதியாகவில்லை, ஆரம்பத்தில் கூடுதலாகத்தான் இருக்கும், ரயில்கள் பெருகப் பெருகக் குறையும் என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ஜிந்த் ஆலையின் மின்மீட்டர் ஒரு பக்கம், ரயில் ஓடிய கிலோமீட்டர் இன்னொரு பக்கம். இரண்டையும் மாதாமாதம் வெளியிட்டால், அடுத்த 35-க்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு அதுவே.